சாமந்திப் பாத்தியில் நட்ட கல்

என் பின்வாசலில் இரண்டு கருங்கற்கள் படுத்துக் கிடக்கின்றன. மனை பிரிக்கிறவர்கள் எல்லைக்கு நடும் கற்கள். வெள்ளைப் பெயிண்டில் போட்டிருந்த எண்கள் தேய்ந்துவிட்டன. ஒன்றில் உட்கார்ந்துதான் இன்றைக்கும் சாமந்தி கட்டுகிறேன். இன்னொன்று என் நாத்தனாருடையது.

புருஷன் சரியில்லை என்று தாய்வீடு திரும்பியவருக்கு, பீர்க்கன்கரணை ஏரிப்பக்கம் கால் ஏக்கரை என் மாமனார் எழுதி வைத்தார். அதில் நாத்தனார் சாமந்தி போட்டார். நாற்று வேர் பிடித்ததும் நுனியைக் கிள்ளிவிடுவார். "கிள்ளிப் பாரு, அடங்காம கிளைக்கும்" என்பார். ஆயுத பூஜைக்குத் தோட்டமே மஞ்சளாகிவிடும்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் வீட்டுக்காரர் தன் பங்கை ஒரு புரோக்கர் மூலம் மனை போட விற்றார். ரோட்டை ஒட்டி இருந்தது நாத்தனாரின் நிலம். அது இல்லாமல் மனைகளுக்கு வழியில்லை. நாத்தனார் கையெழுத்துப் போடவில்லை. ஆயுத பூஜையன்று காலை, நானும் நாத்தனாரும் பூப்பறிக்கப் போனால், பாத்திக்குள் கல் நட்டிருந்தார்கள். ஓரமாகப் புரோக்கரின் வேன், முன்னால் பெரிய சாமந்தி மாலையோடு. பக்கத்தில் என் வீட்டுக்காரர்.

"இன்னா சார், வண்டிக்கு மாலை போட்டுகினு வந்து, மாலை வெளையுற எடத்துல கல்லு நடுறியே!" என்றார் நாத்தனார்.

"ஒண்டியா இருக்கிற, பூவ வெச்சுகினு இன்னாக்கா பண்ணப் போற? கையெழுத்துப் போட்டுட்டு நிம்மதியா இரு" என்றார் புரோக்கர்.

"எங்கப்பன் என் தம்பிக்குக் குடுத்தத அவன் வித்துட்டான். எனக்குக் குடுத்தது பூத்துகினு கீது, பாரு."

கூடையை வைத்துவிட்டு, ஒரு கல்லை இரண்டு கையாலும் ஆட்டிப் பிடுங்கி, வேன் பக்கம் தள்ளினார். "ஏய், அக்காவ வூட்டுக்கு இட்டுகினு போ!" என்று என் வீட்டுக்காரர் என்னிடம் கத்தினார். நான் செருப்பைக் கழற்றிவிட்டுப் பாத்திக்குள் இறங்கினேன். அடுத்த கல்லைப் பிடுங்கினேன். மழை பெய்த மண், சுலபமாக வந்தது. அதற்கு மேல் அவர்கள் ஒரு கல்லும் அங்கே நடவில்லை; பிடுங்கிய இரண்டும் எங்கள் பின்வாசலுக்கு வந்துவிட்டன. அன்றைக்குப் பூஜையில் என் வீட்டுக்காரர் சைக்கிளுக்கு நான்தான் பூ வைத்தேன், அந்தத் தோட்டத்துப் பூ.

நாத்தனார் நிலத்தை என் பேருக்கு எழுதிவிட்டுப் போய்ச் சேர்ந்தார். சுற்றிலும் அடுக்குமாடி வந்துவிட்டது. மொட்டை மாடியிலிருந்து, "ஆன்ட்டி, எப்ப விக்கப் போறீங்க?" என்று கேட்கிறார்கள். "பூவா? காலையில வாங்க" என்கிறேன்.

போன ஆயுத பூஜைக்கு அந்தப் புரோக்கரே வந்தார். கையில் கோல், தலையெல்லாம் வெள்ளை. மகனுடைய காருக்கு மாலை வேண்டுமாம். கட்டி முடிக்க நேரமாகும் என்றேன். நிற்க முடியாமல் தடுமாறினார். நாத்தனார் இருந்திருந்தால் இதைத்தான் சொல்லியிருப்பார் என்று, எதிரில் இருந்த கல்லைக் காட்டினேன்.

"உக்காரு சார். உன் கல்லுதான்."