சாமி கண்ணைக் குத்தும்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ரயிலுக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில், என் தம்பியிடம் ஒரு பொய் சொன்னேன். அதைச் சொல்ல இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை.

அப்போது ஸ்ரீபெரும்புதூர் பக்கம் புதிது புதிதாக வந்துகொண்டிருந்த கம்பெனிகளில் ஒன்றில் எனக்கு வேலை. ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரி ஊர் வீட்டில் அம்மாவும் தம்பியும் மட்டும். அவனுக்கு இருபத்திரண்டு வயது. மீசை வந்திருந்தது, பேச்சு மட்டும் நாலைந்து வார்த்தைக்கு மேல் வராது. மாதம் ஒருமுறை நான் வந்துபோவேன். அந்த முறை அம்மா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னாள்:

"வாசல்ல குந்திக்கினு லுங்கிக்குள்ள கைய வுட்டுக்கினு கீறான். தறிக்குப் போற பொண்ணுங்க சிரிக்குதுங்க. நான் என்னான்னு சொல்றது? நீ ஆம்பள, நீயே சொல்லிட்டுப் போ."

சொல்லத் தெரியாமல் இல்லை. எனக்கும் அதே உடம்புதான், அதே வயதைத் தாண்டித்தான் வந்திருந்தேன். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள் என்று காட்டிக்கொடுத்திருக்கலாம். பத்து முறை காட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். கூச்சம் பிடுங்கித் தின்றது. ரயில் வேறு. "அங்க கை வெச்சா சாமி கண்ணக் குத்திடும்" என்று விரலை அவன் கண்ணருகே கொண்டுபோனேன். வெலவெலத்துப் போனான்.

அடுத்த மாதம் அம்மா, "இப்பல்லாம் கையே வெக்கறதில்ல" என்றாள். நான் பெருமைப்பட்டேன். அந்தப் பெருமையை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல் அருவருப்பு வருகிறது.

அது கோடை. மழைக்காலத்தில் கம்பெனி வாசல் செக்யூரிட்டி அறைக்கு அம்மாவின் போன் வந்தது. "ரெண்டு கண்ணையும் பொத்திக்கினு அழுவுறான். சோறு துன்ன மாட்டேங்கறான்."

லீவு போட்டு ஓடினேன். கண்நோவு என்றே நினைத்துத் திருப்பதிக்குக் கூட்டிப்போனேன். கண் டாக்டர் விளக்கு அடித்துப் பார்த்துவிட்டு ஒன்றுமில்லை என்றார். "நொப்பி எக்கட?" எங்கே வலி என்று அவனையே கேட்டார். அவன் கண்களை இன்னும் இறுக்கிப் பொத்திக்கொண்டான். அவன் காலை அகட்டி நடப்பதைக் கவனித்தவரும் அவர்தான். கூடப் பிறந்தவன் கவனிக்கவில்லை.

அவர் அனுப்பிய ஆஸ்பத்திரியில் லுங்கியை அவிழ்த்தார்கள். வீங்கிச் சீழ் பிடித்திருந்தது. கழுவுவதற்குக்கூட அவன் அங்கே கை வைக்காமல் மாதக்கணக்காகியிருந்தது. தோலைப் பின்னால் தள்ளிக் கழுவ வேண்டும் என்று இவனுக்கு யாருமே சொல்லித்தரவில்லையா என்று டாக்டர் தெலுங்கில் கேட்டார். "லேது" என்றேன். நான் சொல்லித்தந்தது என்ன என்பதை அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

தினம் இரண்டு வேளை வெந்நீரில் கழுவி மருந்து தடவ வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாத்ரூம் கதவைத் தாழிட்டு அவனை முக்காலியில் உட்காரவைத்தேன். "இது உன் ஒடம்பு. கதவ சாத்திக்கினு கை வெக்கலாம். தெனமும் கழுவணும். சாமி ஒண்ணும் பண்ணாது. அண்ணன் சொன்னது பொய்யிடா" என்றேன். அவன் நம்பியதாகத் தெரியவில்லை.

நான் மருந்தை விரலில் எடுத்துக் குனிந்தேன். அவன் சட்டென்று தன் கண்களிலிருந்து கைகளை எடுத்தான். இரண்டு உள்ளங்கைகளாலும் என் கண்களை இறுகப் பொத்தினான்.

பார்க்காமலேதான் தடவினேன். மருந்து எரிந்து முனகினான். நான் தடவி முடிக்கும்வரை என் கண்களிலிருந்து கையை எடுக்கவே இல்லை.