ஜோடி பிரித்த சோப்புகள்

தாஹூ என்ற மலையூரில் யூன்மெய் வீட்டுக்கு வழி கேட்டால் யாரும் தெருப்பெயர் சொல்ல மாட்டார்கள். மூக்கு இழுக்கிற பக்கம் போ, எலுமிச்சைப் புல் வாசனை எங்கே தூக்கலாக இருக்கிறதோ அந்த வீடுதான் என்பார்கள். கணவன் போன பிறகு பின்கட்டு அடுப்படியில் சோப்பு செய்யத் தொடங்கியவள். மெழுகுவத்தியும் ஊற்றுவாள், கால் வெடிப்புக்குக் களிம்பும் கிண்டுவாள். எல்லாவற்றிலும் அந்த ஒரே வாசனைதான்.

அவள் சிறுமியாக இருந்தபோது அந்த மலைச்சரிவெங்கும் வாசனைப் புல் நின்றது. இப்போது ஸ்ட்ராபெரி. வாசனை எண்ணெய் தாய்ச்சுங் நகரத்துக் கடையிலிருந்து புட்டியில் வருகிறது. அதை அவள் யாரிடமும் ஒளித்ததில்லை.

"புல்லுல எறக்குன எண்ணெய ஊத்துனா சோப்பு காயறதுக்குள்ள வாசனை பறந்துடும். இந்தப் புட்டி எண்ணெய் என் பொண்ணு மாதிரி இல்ல, இருன்னா இருக்கும்" என்பாள்.

அந்த எண்ணெய்க்கு ஒரு துர்க்குணம் உண்டு. எண்ணெயும் காரநீரும் கலந்து கஞ்சிப் பதம் வரும்போது வாசனை எண்ணெயை ஊற்ற வேண்டும். ஊற்றிய நொடியிலேயே குழம்பு இறுகத் தொடங்கிவிடும். யாராவது பேச்சுக் கொடுத்தால் போச்சு, பாத்திரத்திலேயே கல். ஆகவே யூன்மெய் வாயை மூடிக்கொண்டு வேலை செய்யப் பழகியவள். அந்தப் பழக்கம் அடுப்படிக்கு வெளியிலும் அவளை விடவில்லை.

மகள் ஜிங்வென்னுக்கும் ஃபான் வீட்டுப் பையன் குவோவெய்க்கும் கல்யாணம் நிச்சயமானபோது யூன்மெய்க்கு ஒரே ஓர் ஆசை இருந்தது. விருந்து முடிந்து விருந்தாளிகள் கிளம்பும்போது மணப்பெண் வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு சின்னப் பரிசு கொடுப்பாள். அந்தப் பரிசு தன் சோப்பாக இருக்க வேண்டும். யாரையும் கேட்காமல் செய்யத் தொடங்கிவிட்டாள். ஈரக்காற்று ஊர் அது. காய ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. நல்ல காரியத்துக்கு ஒற்றையாகக் கொடுக்கக் கூடாது என்பதால் இரண்டிரண்டாகச் சேர்த்துச் சிவப்புக் காகிதத்தில் சுற்றிச் சிவப்பு நூலால் கட்டினாள். பக்கத்து வீட்டு லான் அக்கா கூட உட்கார்ந்து முடிச்சுப் போட்டாள்.

"இவ்வளவு இறுக்கிக் கட்டாதடி. முதலிரவுல மாப்பிள்ளைக்கு மூச்சு முட்டும்."

"உங்க வாய்க்கு ஒரு முடிச்சுப் போடணும்க்கா."

ஒரு கூடை நிறைய எடுத்துக்கொண்டு சம்பந்தி வீட்டுக்குப் போனாள். ஃபான் அம்மாள் ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனாள்.

"வாசனை நல்லாத்தான் இருக்கு சம்பந்தியம்மா. எங்க வீட்டுக் கக்கூஸ்லயும் இதேதான் ஊத்தறோம். ஒரு கொசு அண்டறதில்ல."

கூடத்தில் எல்லோரும் சிரித்தார்கள். ஜிங்வென்னும் சிரித்தாள். பள்ளிக்கூடத்தில் அவளைக் 'கொசுமருந்து' என்று கூப்பிட்டார்கள் என்பது யூன்மெய்க்குத் தெரியும். அந்தச் சிரிப்பில் அதுவும் கலந்திருக்கும் என்று பேருந்தில் திரும்பும்போது தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். சமாதானமாகவில்லை.

கல்யாணத்தன்று மகள் வாசலில் நின்று ரோஜா வாசனைக் கைக்களிம்பு கொடுத்தாள். வெளிநாட்டுச் சரக்கு. யூன்மெய்க்கும் ஒன்று கிடைத்தது.

சிவப்புப் பொட்டலங்கள் மூங்கில் தட்டுகளிலேயே கிடந்தன. சந்தையில் விற்றுத் தொலை என்று லான் அக்கா சொல்லாத வாரம் இல்லை. யூன்மெய் வேறு சோப்பு செய்து விற்றாளே தவிர அவற்றைத் தொடவில்லை.

மறுவருஷம் மழைக்காலத்தில் ஃபான் அம்மாள் காலையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். ஜிங்வென் அப்போது ஆறு மாதக் கர்ப்பிணி. பஞ்சாங்கம் பார்த்து அடுத்த வாரமே அடக்கத்துக்கு நாள் குறித்தார்கள். அன்று மாலை போன் வந்தது.

"அம்மா, அந்த சோப்பு இன்னும் இருக்கா?"

"எந்த சோப்பு?"

"அதான்… கல்யாணத்துக்குப் பண்ணியே. துக்கத்துக்கு வந்தவங்களுக்கு ஏதாவது திருப்பிக் குடுக்கணும்ல. துண்டு எல்லாரும் குடுக்கறதுதான். தீட்டுக் கழுவ சோப்பு குடுத்தா நல்லதுன்னு இவர் சொல்றார். புதுசா செஞ்சா காயாதே."

யூன்மெய் மூங்கில் தட்டுகளைத் திரும்பிப் பார்த்தாள்.

"சிவப்பெல்லாம் எடுத்துடணும்மா. ஜோடியா இருக்கக் கூடாது. ஒத்தை ஒத்தையா வெள்ளைக் காகிதத்துல… கேக்குதாம்மா?"

"கேக்குது. இருக்கு. குடுக்கறேன்."

லான் அக்கா கேட்டுவிட்டுக் கையிலிருந்த தேநீர்க் குவளையை டக்கென்று வைத்தாள். "மூளை இருக்காடி உனக்கு? கல்யாணத்துக்கு ஆகாதது கருமாதிக்கு ஆகுதாமா? கேட்டவ வாயிலயே அந்த சோப்பைத் திணிச்சிருக்கணும்."

"அவளா இதுவரைக்கும் எங்கிட்ட ஒண்ணு கேட்டதில்லக்கா."

"கேட்ட லட்சணத்தப் பாரு."

திட்டிக்கொண்டே லான் அக்கா கத்தரிக்கோல் எடுத்து வந்தாள். இருவரும் உட்கார்ந்து நூலை வெட்டினார்கள். காகிதத்தை உரித்தபோதுதான் தெரிந்தது, ஈரத்தில் சோப்பு வியர்த்துச் சாயம் இறங்கியிருந்தது. மஞ்சள் சோப்பின் மூலைகளெல்லாம் சிவப்பு. சாவு வீட்டில் பொட்டுச் சிவப்பு தெரிந்தாலும் பேச்சாகிவிடும். யூன்மெய் கத்தியால் ஒவ்வொரு மூலையாகச் சீவினாள். சீவச் சீவ, மேலே வாசனை செத்துப்போயிருந்த சோப்பு உள்ளேயிருந்து புதிதாக மணத்தது. அடுக்களை முழுக்கக் கல்யாணத்துக்கு முந்தைய அந்த மாதத்தின் வாசனை. லான் அக்கா எழுந்து ஜன்னலைத் திறந்தாள். வெட்டிய நூல்களில் நீளமானவற்றை மட்டும் யூன்மெய் பொறுக்கி ஒன்றோடொன்று முடிந்து வைத்துக்கொண்டாள். கர்ப்பிணி மட்டும் சாவு வீட்டில் வயிற்றில் சிவப்புக் கட்டாமல் நிற்கக் கூடாது.

அடக்கத்தன்று போனபோது மகள் பந்தலுக்கு வெளியே, சவப்பெட்டி கண்ணில் படாத இடத்தில் ஒரு மேசைக்குப் பின்னால் நின்றிருந்தாள். கர்ப்பிணிக்கு உள்ளே அனுமதியில்லை என்பதால் திருப்பிக் கொடுக்கும் வேலையை அவளிடம் விட்டிருந்தார்கள். துக்கத்துணிக்கு மேலே வயிற்றைச் சுற்றி அகலமான சிவப்புப் பட்டு.

"யாரு கட்டினா?"

"இவரோட சின்னத்தை. காலையிலேயே கட்டிட்டாங்க."

"சரி. நல்லா இறுக்கமாத்தான் கட்டியிருக்காங்க."

யூன்மெய் சட்டைப்பையில் நூலைப் பிடித்திருந்த கையை வெறுமனே வெளியே எடுத்தாள்.

உள்ளே போய் ஊதுவத்தி ஏற்றி, படத்திலிருந்த சம்பந்திக்குக் குனிந்து வணங்கிவிட்டு, வெளியே வரும் வரிசையில் நின்றாள். கல்யாணத்துக்கு வந்த அதே முகங்கள். மகள் ஒவ்வொருவருக்கும் இரண்டு கையாலும் சோப்பை நீட்டித் தலை குனிந்தாள். எப்படி நிற்பாள், எப்படி நீட்டுவாள் என்று யூன்மெய் மனதில் எத்தனையோ தடவை பார்த்திருந்ததுபோலவே இருந்தது. உடுப்பு மட்டும் வேறு.

முன்னால் நின்ற கிழவர் பொட்டலத்தை முகர்ந்தார். "அட, அருமையா இருக்கே. கையால செஞ்சதா? யாரும்மா செஞ்சது?"

ஜிங்வென்னின் கண் ஒரு கணம் அம்மாவின் மேல் பட்டு நகர்ந்தது. "கடையில வாங்கினது தாத்தா."

கல்யாணத்துக்கு வைத்த பொருள் சாவுக்கு வந்தது என்று தெரிந்தால் இறந்தவளுக்கும் ஆகாது, பிறக்கப் போவதற்கும் ஆகாது. அதனால்தான் சொல்லியிருப்பாள். அதனால் மட்டும்தானா என்று யூன்மெய் யாரைக் கேட்பாள்?

அவள் முறை வந்தது. மகள் இரண்டு கையாலும் நீட்டினாள். ஒற்றைச் சோப்பு. வாங்கிக்கொண்டாள். விரல்கூடப் படவில்லை.

பந்தலுக்கு வெளியே குழாயடியில் பிரித்துக் கை கழுவினாள். கிழவர் பின்னால் வந்து நின்றார்.

"எந்தக் கடைன்னு உங்களுக்குத் தெரியுமாம்மா? என் சம்சாரத்துக்கு வாங்கிட்டுப் போகணும்."

"தெரியலைங்க" என்றாள் யூன்மெய்.

நுரையைக் கழுவிவிட்டுக் குழாயை அவருக்கு விட்டு நகர்ந்தாள். திரும்பிப் பார்த்தபோது மகள் மேசைக்குப் பின்னால் வேறு யாருக்கோ குனிந்துகொண்டிருந்தாள். அவளிடம் சொல்லிக்கொள்ளவில்லை. சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு கிளம்பும் வழக்கமில்லை.