பட்டாம்பூச்சிக்கு வேர்த்தது

எனக்குக் கோபம் வந்தால் சமையலறையில் பாத்திரம் பேசும் என்பார் என் வீட்டுக்காரர். இந்த விஷயத்தில் பாத்திரம்கூடப் பேசவில்லை. அவ்வளவு கோபம். எழுதியாவது தீர்த்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நாங்கள் ஸ்ரீவராகத்தில் இருக்கிறோம். வாரம் முழுக்க நான் ஓர் ஆபீசில் ஊரார் கணக்கைச் சரிபார்ப்பவள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் எனக்கே எனக்கு. பிள்ளைகள் படிப்பு முடிந்து வெளியூர் போனபிறகு ஒரு காமிரா வாங்கினேன், பூச்சிகளைக் கிட்டத்தில் எடுக்கும் மேக்ரோ லென்ஸோடு. அன்றிலிருந்து விடிவதற்கு முன்பே கிளம்பி, நெடுமங்காடு, விதுரா வழியாகப் பொன்முடி மலைக்குப் போவது எங்கள் வழக்கமாயிற்று. காமிரா என்னுடையது, கார் அவருடையது. படமெடுப்பதில் அவருக்குத் துளிகூட ஆர்வம் கிடையாது. ஹேர்பின் வளைவுகளில் நிதானமாக ஓட்டுவார், எங்காவது ஓரமாக நிறுத்துவார், சீட்டைச் சாய்த்துக்கொண்டு பேப்பர் படிப்பார். பின்சீட்டில் ஒரு நீல ஐஸ்பெட்டி. அதில் தயிர்சாதம், மாவடு, இஞ்சியும் கறிவேப்பிலையும் தட்டிப்போட்ட சம்பாரம். மோர் ஜில்லென்று இல்லாவிட்டால் அவருக்கு மலைக்குப் போனதாகவே கணக்கில்லை.

இத்தனை செய்கிற மனுஷரை யாராவது குறை சொல்வார்களா? நானும் சொன்னதில்லை. உங்க சார் மாதிரி வருமா என்று ஆபீசில் மற்றப் பெண்கள் பெருமூச்சு விடும்போது எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்திருக்கிறது.

என் பைத்தியம் ஒரே ஒரு பட்டாம்பூச்சி. இங்கே மலையாளத்தில் கிருஷ்ணசலபம் என்பார்கள். உள்ளங்கையைவிடப் பெரிது. கறுப்பு வெல்வெட்டில் நீலத்தைக் கரைத்து ஊற்றினாற்போல் இருக்கும். அபூர்வம் ஒன்றுமில்லை, எங்கள் தெருவிலேயே எலுமிச்சைச் செடியைத் தேடிக்கொண்டு வரும். ஆனால் உட்காராது. தேன் குடிக்கும்போதுகூடச் சிறகடித்துக்கொண்டே இருக்கும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு வாசலில் பேச நிற்கிறவள் மாதிரி. அது சிறகை முழுசாக விரித்து, அசையாமல், இந்த நுனியிலிருந்து அந்த நுனிவரை தெளிவாக ஒரு படம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மூன்று மழைக்காலம் போயிற்று. கிடைத்ததெல்லாம் நீல நிறத்தில் ஒரு மங்கல். அப்படி வெறுங்கையோடு திரும்பும் நாட்களில் கல்லார் தாண்டி நெடுமங்காடு வரும்வரை நான் வாயைத் திறக்க மாட்டேன். அவரும் கேட்க மாட்டார்.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் கறார். காட்டில் எதையும் தொடமாட்டேன். குறுக்கே நிற்கும் புல்லைக்கூட ஒடிக்கமாட்டேன். எங்கள் போட்டோ கிளப்பில் சிலர் சர்க்கரைத் தண்ணீர் தெளித்துப் பூச்சியை வரவழைப்பார்கள். ஒருவர் தவளையை டப்பாவில் கொண்டுபோய், வேண்டிய இலையில் வைத்து எடுத்தார் என்று தெரிந்ததும் கூட்டத்தில் எழுந்து நின்று சண்டை போட்டேன். வராததை வந்ததாகக் காட்டுவதற்குப் பேர் படமில்லை, பொய் என்றேன். அன்று பின்வரிசையில் என் வீட்டுக்காரரும் உட்கார்ந்திருந்தார். அந்தச் சண்டையைத் தெருவெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டதும் அவர்தான்.

அப்புறம் அந்த ஞாயிற்றுக்கிழமை வந்தது. காலை முழுக்க மூடுபனி. ஓடைப் பக்கம் ஈரக்கல்லில் உட்கார்ந்து இடுப்புப் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். மத்தியானம் பனி விலகி, நல்ல வெயில் வந்தது. காருக்குத் திரும்பி, அவர் எடுத்துக் கொடுத்த தயிர்சாதத்தைச் சாப்பிட்டேன். சற்றுத் தள்ளியிருந்த குழாயில் கை கழுவிவிட்டு வரும்போது அவர் உதட்டில் விரலை வைத்துக் கூப்பிட்டார். பாதையோரத்தில் ஓர் அகலமான இலை. அதன்மேல் கிருஷ்ணசலபம், சிறகை விரித்தபடி.

கிட்டே போனேன். பறக்கவில்லை. முட்டிபோட்டு இன்னும் கிட்டே போனேன். அப்போதும் பறக்கவில்லை. சிறகெல்லாம் பொடிப்பொடியாக நீர்த்துளி. அவ்வப்போது சிறகு லேசாக அதிர்ந்தது. மூச்சு விடுகிறது என்று நினைத்துக்கொண்டேன். இதற்கு என்னிடம் பயமே இல்லை, இத்தனை நாள் நான் காத்திருந்தது இதற்குத் தெரிந்திருக்கிறது என்றுகூடத் தோன்றியது. கண்ணில் தண்ணீர் வந்து காமிராவுக்குள் ஒன்றும் தெரியவில்லை. துடைத்துக்கொண்டு எடுத்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், கல்யாணத்தன்றைக்குக்கூட நான் அவ்வளவு சந்தோஷப்பட்டதில்லை.

எடுத்த படத்தைக் காமிராத் திரையில் பார்த்தபடியே காருக்குப் போய்விட்டேன். அவர் சற்று நேரம் கழித்து வந்தார். அது பறந்துபோய்விட்டது, சோலைக்கு மேலே ஜோராக எழும்பிப் போயிற்று, நீ பார்க்கலையே என்றார். ஐயோ, அதைக் கோட்டைவிட்டோமே என்று அடித்துக்கொண்டேன். இறங்கும் வழியெல்லாம் திரும்பத் திரும்ப அவரையே சொல்லச் சொல்லிக் கேட்டேன். கடைசியில் நானே பார்த்த மாதிரி ஆகிவிட்டது.

ஹாலில் பூஜையறைக் கதவுக்குப் பக்கத்தில் படத்தின் பிரதி ஒன்றை அவரே ஆணியடித்து மாட்டினார். வருகிற விருந்தாளிக்குக் காப்பிக்கு முன்னால் அந்தக் கதை. ஒன்றரை மணி நேரம் அப்படியே சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாளாக்கும் என்பார். உண்மையில் அரைமணிகூட இருக்காது. பெண்டாட்டி பெருமையில் கூட்டிச் சொல்கிறார், சொல்லிவிட்டுப் போகட்டும் என்று நானும் திருத்தவில்லை.

கிளப் வருஷாவருஷம் நடத்தும் கண்காட்சியில் என் படத்துக்கு வாசலுக்கு நேர் எதிரே இடம் கொடுத்தார்கள். ஏறக்குறையக் கதவளவு பெரிய பிரின்ட். கீழே நான் எழுதிக் கொடுத்த வரி: ‘காத்திருந்தேன், வந்தது.’ பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். அவர்களுக்கு நான் மலையாளத்தில் விளக்கம் சொன்னேன். துரத்தாதீர்கள், தொடாதீர்கள், பொறுமையாக இருந்தால் காடே உங்களைத் தேடி வரும் என்றேன். முடிக்கும்போது அது சோலைக்கு மேல் எழும்பிப் போனதைக் கையை உயர்த்திக் காட்டுவேன். பிள்ளைகள் தலையைத் தூக்கி என் கை போன பக்கமே பார்ப்பார்கள்.

இரண்டாம் நாள் எங்கள் தெரு மாமி ஒருத்தி வந்தாள். எதிலும் ஒரு நொட்டை கண்டுபிடிக்காவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. என் படத்துக்கு நேரே நின்று, மூக்குக்கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பார்த்தாள்.

“பாவம், பட்டாம்பூச்சிக்கு வேர்த்திருக்கே” என்றாள்.

பனித்துளி மாமி என்று சிரித்தேன். பனியானால் இலையிலும் இருக்க வேண்டாமோடி என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் பக்கத்திலிருந்த யானைப் படத்தில் குறை கண்டுபிடிக்கப் போய்விட்டாள்.

நான் அங்கேயே நின்றேன். இலை காய்ந்திருந்தது. நரம்பு நரம்பாகத் தெரிந்தது, ஒரு சொட்டு ஈரமில்லை. பூச்சியின்மேல் மட்டும் முத்து முத்தாய்த் தண்ணீர். அந்தப் படத்தை எத்தனை தடவை பார்த்திருப்பேன்! ஆபீஸ் கணக்கில் ஓர் எண் புரண்டிருந்தால் என் கண் போய் அங்கேதான் நிற்கும். இங்கே என் சொந்த ஆசை கண்ணை மறைத்துவிட்டது.

அப்போது பின்னாலிருந்து அவர், தொண்டை காய்ந்திருக்கும், குடி என்று ஒரு குப்பியை நீட்டினார். நீல ஐஸ்பெட்டியைக் கண்காட்சிக்கும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். வெளியே எடுத்த நிமிஷமே சம்பாரக் குப்பிக்கு மேலெல்லாம் வேர்த்துவிட்டிருந்தது. குப்பியைப் பார்த்தேன். படத்தைப் பார்த்தேன். அவரைப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடு திரும்பும்போது கிழக்கேகோட்டை நெரிசலில் கார் நகராமல் நின்றது. அங்கே வைத்துக் கேட்டேன்.

“ஐஸ்பெட்டியிலேயா வெச்சிருந்தேள்?”

அவர் மழுப்பவில்லை. அதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும். காலையில் நான் ஓடைப் பக்கம் போனபிறகு, அது பனியில் விறைத்துப்போய்ப் புதரில் ஒட்டிக்கொண்டிருந்ததாம். கையால் எடுத்தபோதும் அசையவில்லையாம். ஒரு காலி டப்பாவில் போட்டு ஐஸுக்கு நடுவில் வைத்துவிட்டாராம். குளிர்ந்துபோனால் பூச்சி பறக்காது என்று கிளப்பின் வாட்ஸாப் குரூப்பில் யாரோ வீடியோ போட்டிருந்தார்களாம். நான் கை கழுவப் போன நேரத்தில் எடுத்து இலையில் வைத்து, விரலால் சிறகை விரித்துவிட்டாராம். ஆக, நான் சாப்பிட்ட தயிர்சாதத்துக்குப் பக்கத்திலேயே அது இருந்திருக்கிறது.

“உன் மொகத்தைப் பாக்க முடியலையாக்கும்” என்றார். “ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வெறுங்கையோட வரே. ஒரு தடவையாவது நீ சிரிச்சுண்டு மலை எறங்கணும்னு நெனைச்சேன். அது தப்பா?”

தப்பா என்று கேட்கிறார் மனுஷர்! குழந்தையோடு சீட்டாடும்போது பெரியவர்கள் வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பார்கள், குழந்தை ஜெயித்துவிட்டதாகக் குதிக்கும். ஐம்பது வயதில் என்னை அந்தக் குழந்தையாக ஆக்கிவிட்டார். நம்பவைத்துக் கழுத்தறுப்பது என்பார்களே, இவர் கழுத்துக்கு மாலையும் போட்டுவிட்டு அறுத்திருக்கிறார். வெறுங்கையோடு வந்தேன் என்றால் அது என் வெறுங்கை. மூன்று மழைக்காலத் தோல்வி எனக்குப் பாரமாகத்தான் இருந்தது, ஆனால் அதில் பொய் இல்லை. அதைப் பிடுங்கிக்கொண்டு என் கையில் ஒரு பொய்யை வைத்து, அதை ஊருக்கெல்லாம் காட்டி என்னையே பேசவும் வைத்தாரே. மூச்சு விடுகிறது என்று நினைத்தேனே, அது குளிரில் நடுங்கியிருக்கிறது. அதன் பக்கத்தில் முட்டிபோட்டுக்கொண்டு நான் ஆனந்தக் கண்ணீர் வடித்திருக்கிறேன்.

மறுநாள் கிளப் செயலாளரிடம் போய், என் படத்தை இறக்குங்கள், அது எடுத்த படமல்ல, வைத்து எடுத்த படம் என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் சிரித்தார். பட்டனை அமுக்கியது மேடம்தானே, விடுங்கள், இதையெல்லாம் பார்த்தால் இந்தச் சுவரில் பாதி காலியாகிவிடும் என்றார். சுவரைச் சுற்றிப் பார்த்தேன். மீன்கொத்தி, தவளை, பச்சைப் பாம்பு. எதை நம்புவது? அன்று நான் எழுந்து நின்று கத்தியபோது இவர்கள் எல்லாரும் எத்தனை மரியாதையாகத் தலையாட்டினார்கள்.

நானே ஆணியிலிருந்து இறக்கினேன். வெளியே எங்கள் கார் நின்றது, ஏறவில்லை. படத்தின் பாதி ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க, ஸ்ரீவராகம் வரை கையால் பிடித்துக்கொண்டே வந்தேன். சிக்னலில் நின்றவர்கள் எல்லாரும் பட்டாம்பூச்சியைப் பார்த்துச் சிரித்தார்கள். இப்போது அது பீரோவுக்குப் பின்னால் சுவரைப் பார்த்து நிற்கிறது. ஹாலில் இருந்த பிரதியை மட்டும் அவரே கழற்றினார். நான் சொல்லவில்லை.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பானூர் ஸ்டாண்டுக்குப் போய்ப் பஸ் ஏறுகிறேன். பொன்முடிக்குப் பஸ் குறைவு. திரும்புகிற வண்டிக்காக எஸ்டேட் லயத்துப் பெண்களோடு சாலையோரத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. முதல் ஞாயிறு அவர் பழக்கதோஷத்தில் ஐஸ்பெட்டியை நிரப்பி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் தாண்டிப் போனேன். பேச்சு நின்றுவிடவில்லை. பால், கரண்ட் பில், பிள்ளைகளின் போன் என்று பேசிக்கொண்டுதான் இருக்கிறோம். அவர் சம்பாரத்துக்கு இஞ்சி தட்டிக் கொடுப்பதும் நான்தான். ஆனால் சமையல் நன்றாயிருக்கு என்று அவர் சொன்னால்கூட, நிஜமாகவா, என் முகத்துக்காகவா என்று எனக்குள் ஒருத்தி எழுந்து உட்கார்ந்து கேட்கிறாள். இருபத்தெட்டு வருஷத்தில் அவள் இந்த வீட்டில் இருந்ததே இல்லை.

போன வாரம் பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தேன். அவர் எதிரே பேப்பரோடு உட்கார்ந்திருந்தார். கேட்கவே கூடாது என்று இத்தனை நாள் அடக்கி வைத்திருந்தது தானாக வாயில் வந்துவிட்டது.

“அது பறந்துதா?”

பேப்பரை மடித்தார். மறுபடியும் பொய் சொல்லப்போகிறாரோ என்று பயமாக இருந்தது. அந்தப் பொய்யையே சொல்லிவிட மாட்டாரா என்றும் இருந்தது.

“இல்லை” என்றார். “நீ காருக்குப் போனதும் எலையிலேருந்து வழுக்கிக் கீழ விழுந்துடுத்து. எடுத்து வெயில்ல வெச்சுப் பாத்தேன். கொஞ்ச நாழி நடுங்கித்து. அப்பறம் எறும்பு வந்துடுத்து.”

கத்தியைக் கீழே வைத்தேன். கண்காட்சிக்கு வந்த அந்தப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஒவ்வொரு கூட்டத்துக்கும் நான் கையை உயர்த்தி அது பறந்ததைக் காட்டினேன், ஒவ்வொரு கூட்டமும் தலையைத் தூக்கிப் பார்த்தது. அப்போதெல்லாம் அவர் பிள்ளைகளுக்குப் பின்னால் சம்பாரக் குப்பியோடு நின்று, ஆமாம் ஆமாம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார்.