எண்ணெய் மிதந்த மீன் குழம்பு

போன வருடம் கோடை விடுமுறைக்குச் சற்று முன்பு நடந்தது. டெக்சாஸில், ஹூஸ்டனுக்குப் பக்கத்தில் பேர்லேண்டில் இருக்கிறோம். எங்கள் தெருப் பெண்கள் சிலர் மாதம் ஒரு நாவல் படித்து, யாராவது ஒருவர் வீட்டில் கூடிப் பேசுவோம். கதையில் வரும் சாப்பாட்டில் ஏதாவது ஒன்றை அந்த வீட்டுக்காரர் சமைக்க வேண்டும். பாதிப் பேர் வருவதே அதற்காகத்தான்.

என் முறை வந்தபோது ஓர் ஆப்பிரிக்க நாவல். எண்ணெய்க் கிணறு தோண்டியதில் ஆறு கெட்டு, மீன் செத்து, ஊரே தவிக்கிற கதை. படித்துவிட்டு அழுதேன். என் கணவருக்கு வேலையோ ஆயில் கம்பெனியில்! "நீங்க பேசி முடிக்கற வரைக்கும் நான் மாடியிலயே இருக்கேன். கீழ வந்தா என்னை வறுத்தெடுத்துடுவாங்க" என்று கழன்றுகொண்டார்.

என் கவலை வேறு. எதிர்வீட்டு நைஜீரியப் பெண்மணி முதல் முறையாக வருவதாகச் சொல்லியிருந்தார். கதையில் வருவது போன்ற ஓர் ஆற்றோரத்தில் பிறந்தவர். நான் இங்கே வந்த புதிதில், கார் ஓட்டத் தெரியாமல் வீட்டிலேயே முடங்கிக் கிடந்தபோது, கடைகண்ணிக்கெல்லாம் கூட்டிப்போனவர் அவர்தான். அவர் மனம் கோணக் கூடாதே! கதையில் மீன் வருகிறது, மீன் குழம்பே வைப்போம் என்று முடிவு செய்தேன். நல்லெண்ணெயைத் தாராளமாக விட்டு, அது பிரிந்து மேலே மிதக்கும்வரை கொதிக்கவிட்டேன். நம் வீடுகளில் அதுதானே பக்குவம்!

எல்லோரும் உட்கார்ந்ததும் பெருமையாக மூடியைத் திறந்தேன். ஒரு தோழி எட்டிப் பார்த்து, "ஐயையோ, என்னடி இது? நாவல்ல வர்ற ஆறு மாதிரியே இருக்கு!" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. கறுத்த குழம்பு, மேலே பளபளவென்று எண்ணெய், அதற்குள் செத்த மீன். எதிர்வீட்டுக்காரரின் முகத்தைப் பார்க்கவே தைரியம் வரவில்லை. இத்தனை வருடச் சிநேகிதம் இன்றோடு போச்சு என்றே நினைத்தேன்.

அவரும் எட்டிப் பார்த்தார். பிறகு சிரித்தார் பாருங்கள், மேசையைத் தட்டித் தட்டி, கண்ணில் நீர் வழியச் சிரித்தார்! மாடியில் இருந்த என் கணவர் என்னவோ ஏதோ என்று இறங்கி ஓடி வந்தார். "பயப்படாம உட்காருங்க. நான் மீனைத் தின்னத்தான் வந்தேன், உங்களை இல்ல" என்று எதிர்வீட்டுக்காரர் அவரிடம் ஆங்கிலத்தில் சொன்னார். வீடே அதிர்ந்தது.

இரண்டாவது முறை குழம்பு ஊற்றிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார். அவருடைய அப்பா மீனவர். வீட்டு வாசலிலேயே ஆறு. ஆனால் அம்மா மீன் வாங்கியதெல்லாம் பஸ் ஏறிப் போய், டவுனில் இருந்த ஐஸ் பெட்டிக் கடையில். அதையும் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்கள் யாருக்கும் சிரிப்பு வரவில்லை. அதன் பிறகு அவரிடம் அதிகம் கேள்வி கேட்டது என் கணவர்தான்.

நாவல் என்னை அழவைத்தது உண்மைதான். ஆனால் ஒரு மீனவர் வீட்டில் ஐஸ் மீன் வாங்கிச் சாப்பிட்டார்கள் என்று அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தைதான், இன்றும் மீன் கழுவும்போதெல்லாம் என் கையை ஒரு கணம் நிறுத்திவிடுகிறது.