வாசலில் ஒரு ஜோடி செருப்பு

இரண்டு வருடங்களுக்கு முன், ஜவ்வாது மலையில் பனி இறங்கிய ஒரு முற்பகல். அங்கே சாமை அரைக்கும் சிறிய ஆலையில் நான் மேற்பார்வையாளர். பதினான்கு பெண்கள் வேலை செய்தார்கள். பஸ் குறைவு என்பதால் யாராவது தாமதமானால், பேர் கூப்பிடும்போது பக்கத்திலிருப்பவள் அவளுக்காக "இருக்கேன்" என்று சொல்லிவிடுவாள். எனக்குத் தெரியும். நல்ல மேடம் என்று பேர் வாங்கும் ஆசையில் கண்டுகொள்ள மாட்டேன்.

அன்று தீயணைப்புக் கருவியைப் பிடிக்கக் கற்றுத்தர ஒருவர் வந்திருந்தார். எல்லோரையும் முற்றத்துக்கு வரச்சொல்லி, தகரத்தட்டில் டீசலைக் கொளுத்தினார். ஒருத்தி ரொம்பக் கிட்டே போய்க் கருவியை அடித்துவிட்டாள். எரிகிற டீசல் தெறித்து, வாசலோரம் கிடந்த உமி மூட்டைகள் பற்றிக்கொண்டன. புகை ஆலைக்குள் புகுந்தது.

பயிற்சியாளர் எங்களைப் புளியமரத்தடிக்கு விரட்டிவிட்டு, எரியும் மூட்டைகள்மேல் கருவியிலிருந்து வெள்ளைப் பொடியை அடித்தார். "பேர் கூப்பிட்டுப் பாருங்க" என்றார். கூப்பிட்டேன். பனியும் வெள்ளைப் பொடியும் சேர்ந்து பக்கத்தில் நிற்பவர் முகமே தெரியவில்லை. பதினான்கு பேருக்கும் பதில் வந்தது. அப்பாடா என்றிருந்தது.

புகை கொஞ்சம் விலகியபோது வாசலில் ஒரு ஜோடி செருப்பு தெரிந்தது. தானியத்தைச் செருப்புக்காலால் மிதிக்கக்கூடாது என்று எல்லோரும் வெளியே கழற்றிவிட்டுத்தான் உள்ளே போவார்கள்.

"இது யாருதுமா?"

எல்லோரும் குனிந்து காலைப் பார்த்தார்கள். எல்லார் காலிலும் செருப்பு இருந்தது. அப்படியானால் பதில் சொன்னது யார்?

வாசலில் மூட்டைகள் இன்னும் புகைந்துகொண்டிருந்ததால், பயிற்சியாளரும் நானும் பின்கதவை உடைத்து உள்ளே போனோம். தலைவலி என்று முற்றத்துக்கு வராமல் மூட்டைகளுக்குப் பின்னால் படுத்துவிட்ட ஒருத்தி, புகையில் மயங்கிக் கிடந்தாள். வெளியே இழுத்துப் போட்டு வெகுநேரம் கழித்துத்தான் இருமினாள்.

அவளுடைய தோழி என் முன்னால் வந்து நின்றாள்.

"நான்தான் மேடம் சொன்னேன். தெனமும் சொல்றதுதானேங்க, வாயி தானா சொல்லிட்ச்சி. அவ உள்ள கீறான்னு நெனப்பே வர்லீங்க."

அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பழக்கிவிட்டவளே நான்தானே. அந்தக் குரலை நம்பி மரத்தடியிலேயே நின்றிருந்தால், உள்ளே செத்துக் கிடப்பவளுக்கு அன்று முழுநாள் வருகை போட்டிருப்பேன்.