முதுகில்லாத கோட்டு

எங்கள் ஊர் ஆண்டுமலருக்கு இந்த வருடம் நான் எழுதுகிறேன் என்றதும் மலர்க்குழுவில் இருக்கும் வாத்தியார்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். நான் பள்ளிக்கூடம் போனது ஏழு வருடம். எங்கள் காலத்தில் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் பள்ளி. ஆக மொத்தம் மூன்றரை வருடப் படிப்பு. அதை வைத்துக்கொண்டுதான் மூன்று படகு, ஒரு மீன் ஆலை, இந்தத் துறைமுகத்தின் முதல் ஐஸ் இயந்திரம் எல்லாம் உண்டாக்கினேன். பன்னிரண்டு வருடம் படித்தவர்கள் என்ன உண்டாக்கினார்கள் என்று நான் கேட்கவில்லை.

ஸிவெர்ட் தன்னைப் பற்றித்தான் எழுதுவான் என்று அவர்கள் நினைத்திருப்பார்கள். அதற்கு ஒரு மலர் போதாது. நான் எழுதப்போவது ஓலீனாவைப் பற்றி. போன பிப்ரவரியில், எண்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தார். ஊர் மன்றத்தில் காப்பி ஊற்றுகிற கிழவி என்றுதான் இப்போதுள்ளவர்களுக்கு அவரைத் தெரியும். மன்றத்துச் சுவரில் தொங்கும் பழைய படங்கள் அவரால்தான் இருக்கின்றன என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேருக்கு அது நடந்த விதம் தெரியாது. எனக்குத் தெரியும். அதில் முக்கால்வாசித் தப்பு என்னுடையது.

ஓலீனாவின் அப்பா எலியாஸ் அடுத்தவர் படகில் கூலிக்குத் தூண்டில் போட்டவர். ஓர் ஆண்டு கிறிஸ்துமஸ் கழிந்ததும், லோஃபோட்டன் தீவுகளுக்குக் காட் மீன் பிடிக்கக் கிளம்புவதற்கு முன்னால், படக்காரர் நிகோலாயிடம் போய் உட்கார்ந்து ஒரு படம் எடுத்துக்கொண்டார். ஈஸ்டருக்கு வந்து வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிப் போனார். படகு திரும்பவில்லை. ஓலீனாவுக்கு அப்போது மூன்றரை வயது. அப்பாவைப் பற்றி அவருக்கு நினைவில் இருந்தது ஒன்றே ஒன்று: இடது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் கிடையாது. தூண்டில் கயிறு சுற்றி இழுத்துக்கொண்டு போனது. அந்த மூன்று விரல் கை தன் தொப்பியின் நாடாவை முடிச்சுப் போட்டதை அவர் சாகும்வரை சொல்வார். முகம் ஞாபகம் இல்லை. வீட்டில் படமும் இல்லை.

பதினான்கு வயதில் அதே நிகோலாய் வீட்டுக்குத்தான் வேலைக்குப் போனார். ஐந்து வருடம். மாடியில் அவர் எடுத்த படங்களின் நெகட்டிவ், கண்ணாடித் தகடுகளாகப் பெட்டி பெட்டியாக அடுக்கியிருந்தன, ஆயிரத்துக்கு மேல். எதிலும் பெயர் கிடையாது. அப்பா படம் எதில் இருக்கும் என்று ஓலீனா ஒரு தடவை கேட்டாராம். நிகோலாய், முகங்களைத் தேட எனக்கு நேரமில்லை, கோட்டுக்கு இஸ்திரி போடு என்றாராம்.

அந்தக் கோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். நிகோலாய் வீட்டில் ஆணி அடித்து ஒரு கறுப்புக் கோட்டு மாட்டியிருக்கும். நல்ல துணி, பட்டுக் காலர், வெள்ளிச் சங்கிலி தைத்தே இருக்கும். முதுகுப் பக்கம் மேலிருந்து கீழ்வரை கிழித்து நாடா வைத்திருந்தார்கள். குண்டனோ ஒல்லியோ, முன்னால் கையை நுழைத்தால் போதும், நிகோலாயின் மனைவி பின்னால் இழுத்துக் கட்டிவிடுவார். படத்தில் ஆள் கனவான் மாதிரி தெரிவான். இதெல்லாம் ஓலீனாவுக்குத் தெரியும். எனக்கு அப்போது தெரியாது.

இரண்டாம் உலகப் போர் முடிந்த அடுத்த வருடம் எனக்கு இருபத்தாறு வயது, ஒரே ஒரு படகு. வலை போடும் கொட்டகை கட்டிக்கொண்டிருந்தேன். வடக்கே எதிரிப் படை கொளுத்தியதில் ஊர் ஊராக எரிந்து கிடந்தது, ஜன்னல் கண்ணாடி எங்கும் கிடைக்காது. நிகோலாய் இறந்து, அவர் மகன்கள் வீட்டைக் காலி செய்தார்கள். பெட்டிப் பெட்டியாகக் கண்ணாடி இருப்பதை இந்த ஊரில் யோசித்தவன் நான் ஒருவன்தான். எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டேன். பின்னால் பலர் வயிறெரிந்தார்கள்.

படத்தைச் சுரண்டி எடுக்க ஒரு ஆள் வேண்டும். ஓலீனா அப்போது விதவை, இரண்டு பிள்ளைகள். துணி வெளுக்கும் தொட்டியில் வெந்நீரும் சலவைச் சோடாவும் ஊற்றி, கத்தியால் சுரண்டித் துடைத்து, ஐந்து வாரம் வேலை பார்த்தார். சுத்தமான வேலை. ஆனால் நான் எண்ணிக் கொடுத்ததில் நாற்பத்தொன்று குறைந்தது. கேட்டேன்.

"உடைஞ்சு போச்சு கப்பல்காரரே" என்றார். ஒரு படகு வைத்திருந்த என்னை அவர் அப்படித்தான் கூப்பிடுவார்.

"நாப்பத்தொண்ணுமா? என்ன கை உங்க கை?"

"ஈரக் கை. வழுக்குது."

அவ்வளவுதான். கொட்டகைக்கு வந்தவர்களுக்கெல்லாம் முப்பது வருடம் இந்தக் கதையைச் சொன்னேன்: ஓசிக் கண்ணாடியில் கொட்டகை கட்டிய என் சாமர்த்தியத்தையும், நாற்பத்தொன்றை உடைத்த ஓலீனாவின் கையையும்.

அந்த நாற்பத்தொன்றும் அவர் வீட்டு உருளைக்கிழங்கு நிலவறையில், வைக்கோலுக்குள் இருந்தன. மகள் வீட்டோடு போகிறபோது அவற்றை நூலகத்தில் கொடுத்தார். நூலகத்து செல்மா படம் போட்டுப் பார்த்து அசந்துபோனார். வரிசையாகக் கறுப்புக் கோட்டு, வெள்ளிச் சங்கிலி. நிகோலாய் ஊர்ப் பெரிய மனிதர்களை மட்டும் தனியாக எடுத்து வைத்திருக்கிறார் என்று முடிவு கட்டினார்கள். புது ஊர் மன்றம் கட்டியபோது, அதிலிருந்து பன்னிரண்டு படங்களைச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானம். பெயர் கண்டுபிடிக்க மூன்று பேர் குழு: நான், செல்மா, பழைய மீன் வணிகர் யோகும் ஸ்டூப்பின் பேரன் தோமாஸ்.

முகம் அடையாளம் காண்பதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நினைப்பு. என் தாத்தா மத்தியாஸை முதல் பார்வையிலேயே கண்டுபிடித்தேன். அது சரியாகவே இருந்தது. தாத்தா பட்டுக் காலரோடு உட்கார்ந்திருந்தார். எங்கள் குடும்பம் ஒன்றுமில்லாத குடும்பம் என்று பேசியவர்கள் வந்து பார்க்கட்டும் என்று இருந்தது. ஏழாவது படத்தில் கறுத்த தாடி, நேரான பார்வை. இவர் ஸ்டூப்தான், இந்த ஊரில் வேறு யாருக்கு இப்படி ஒரு கோட்டு என்றேன். தோமாஸும் ஆமாம் என்றார். எல்லாப் படத்தையும் மார்பளவு நீள்வட்டமாக வெட்டி, பித்தளைத் தகட்டில் பெயர் பொறித்து மாட்டினோம்.

திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் குழுவுக்குக் காப்பி கொண்டுவந்த ஓலீனா, ஏழாவது படத்தின் முன்னால் நின்றார். கெட்டிலைத் தரையில் வைத்தார். அவர் காப்பிக் கெட்டிலைத் தரையில் வைத்து நான் பார்த்ததில்லை. காப்பி ஊற்றாமலே போய்விட்டார்.

மறுநாள் காலை ஆலையில் என் அறைக்கு வந்து, ஏழாவது படம் யோகும் ஸ்டூப் இல்லை, தன் அப்பா என்றார்.

முகமே ஞாபகம் இல்லாதவர் எப்படிச் சொல்ல முடியும் என்று கேட்டேன். அவர் சொன்னது இது. கண்ணாடித் தகட்டில் முகம் கறுப்பாக, தாடி வெள்ளையாக, பேய் மாதிரி இருக்கும், யார் என்று தெரியாது. சோடாத் தண்ணீரில் முக்கப் போன ஒரு தகட்டில் நாற்காலிக் கைப்பிடி மேல் மூன்று விரல் கை ஒன்றைப் பார்த்தார். எடுத்துத் துடைத்து வைத்துக்கொண்டார். முப்பத்து மூன்று வருடம், தாடியின் வடிவமும் உட்கார்ந்த சாய்வும் மனப்பாடம் ஆகும்வரை அதைப் பார்த்து, அது அவராக இருக்கும் என்ற நினைப்போடு மட்டும் இருந்தார். நேற்றுச் சுவரில் முதல் தடவையாக முகத்தைப் பார்த்தார், கீழே அடுத்தவர் பெயரோடு.

"எனக்குச் சொவத்துல எடம் வேணாம் ஸிவெர்ட். அவரு பேரு மட்டும் அவரு கீழ இருக்கணும். கல்லறைகூட இல்ல அவருக்கு."

நான் உடனே ஒத்துக்கொள்ளவில்லை. பித்தளை பொறித்தாயிற்று, கூலிக்காரனுக்கு அந்தக் கோட்டு எங்கிருந்து வந்தது என்றேன். அப்போதுதான் முதுகில்லாத கோட்டைப் பற்றிச் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தாத்தாவின் பட்டுக் காலர் கண் முன்னால் வந்து நின்றது.

"உன் தாத்தாவுக்கும் அதே கோட்டுதான்" என்றார் ஓலீனா, நான் கேட்காமலே. "கண்ணாடிய முழுசா பாரு. வெட்டுனத பாக்காத."

அன்றைக்கே நூலகத்துக்குப் போனேன். செல்மா ஏழாவது படத்தின் கண்ணாடித் தகட்டை ஜன்னலுக்கு நேராகப் பிடித்தார். மேலே கனவான். கீழே முழங்கால் வரை ஏறிய கடல் பூட்ஸ், ஒட்டுப்போட்ட கம்பளிக் கால்சட்டை. நாற்காலிக் கைப்பிடியில் மூன்று விரல். யோகும் ஸ்டூப்புக்குப் பத்து விரலும் இருந்தன. அடுத்து என் தாத்தாவை எடுக்கச் சொன்னேன். வேண்டாம் என்பதுபோல் செல்மா பார்த்தார். எடுங்கள் என்றேன். மரக்கட்டைச் செருப்பு. ஒன்று பிளந்து, கயிறு சுற்றியிருந்தது. கோட்டு விளிம்புக்குக் கீழே நாடாவின் நுனி தொங்கியது.

குழு கூடியது. தோமாஸ் ஸ்டூப் கெட்ட மனிதர் இல்லை, ஆனால் அன்றைக்குக் கடுமையாகப் பேசினார். யாரென்றே தெரியாத கூலிக்காரனை மாட்டிவிட்டு, இந்தத் துறைமுகத்தைக் கட்டியவருக்கு இடமில்லை என்றால் என்ன நியாயம், தாத்தாவின் சரியான தகட்டைத் தேடி எடுங்கள் என்றார். தேட எங்கே போவது? அது எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். முப்பது வருடம் பெருமையாகச் சொன்ன கதையை அந்த மேசையில் வேறு மாதிரி சொல்ல வேண்டியிருந்தது.

"உங்க தாத்தா என் வலைக் கொட்டகை ஜன்னல்ல இருக்காரு தோமாஸ். எந்தக் கண்ணாடின்னு தெரியாது. சொரண்டச் சொன்னது நான்" என்றேன்.

காப்பி ஊற்றிக்கொண்டிருந்த ஓலீனாவிடம் தோமாஸ் திரும்பினார். வைத்துக்கொள்வதென்றால் பெரியவர்களை வைத்துக்கொண்டிருக்கலாமே, ஏன் எங்கள் தாத்தாவைச் சுரண்டினீர்கள் என்று கேட்டார். கோபமாக இல்லை, நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டார்.

"நெகட்டிவ்ல மூஞ்சி தெரியாதுங்க, கால்தான் தெரியும். நல்ல பூட்ஸ் போட்டவங்கள சொரண்டிட்டேன். அவங்க வீட்டுல வேற படம் இருக்கும். இவங்களுக்கு இது ஒண்ணுதான்."

 தோமாஸ் கோப்பையை நகர்த்தி, காப்பி வாங்கிக்கொண்டார். அவர்கள் வீட்டுக் கூடத்தில் யோகும் ஸ்டூப்பின் தாடி நரைத்த காலத்து எண்ணெய்ச் சித்திரம் ஆளுயரத்துக்கு இருப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

ஏழாவது படத்தின் பெயர்த் தகட்டை மாற்றுவதோடு நிறுத்தியிருக்கலாம், மற்றவர்கள் அதற்குத்தான் தயாராக இருந்தார்கள். பன்னிரண்டையும் இறக்கி, வெட்டாமல், பூட்ஸோடு முழுசாகப் போட வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தது நான். எனக்குக் கணக்கு சரியாக வந்தது: கோட்டுப் போட்ட தாத்தாவுக்குப் பேரன் என்றால் நான் செய்ததில் என்ன பெரிசு? கயிறு சுற்றிய கட்டைச் செருப்பிலிருந்து மூன்று படகுக்கு வந்தவன் என்றால் அது வேறு. இதைக் குழுவிலும் சொன்னேன். செல்மா குனிந்துகொண்டு ஏதோ எழுதினார். பெயர் கண்டுபிடிக்க முடியாத ஐந்து பேருக்குப் பெயர்த் தகடு காலியாகவே இருக்கட்டும் என்றும் ஒத்துக்கொண்டோம். முன்பு அந்த ஐந்து பேருக்கும் நான்தான் பெயர் சொல்லியிருந்தேன், ஒருவரைப் பாதிரியாராக்கியிருந்தேன்.

திறப்பு விழாவுக்கு ஓலீனாவை முன்வரிசையில் உட்காரச் சொன்னோம். ஏப்ரனைக் கழற்றாமல் வந்தார். பேச்செல்லாம் முடிந்து கூட்டம் கேக்குப் பக்கம் போன பிறகு ஏழாவது படத்தின் அருகே போனார். புதுத் தகட்டில் 'எலியாஸ், மீனவர்' என்று இருந்தது. கண்ணாடியைத் தொடாமல், அந்த மூன்று விரல்களுக்கு நேராகத் தன் கையைக் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பக்கத்தில் நான்தான் இருந்தேன்.

"எல்லாரும் எனக்கு அம்மா மூக்குன்னு சொல்வாங்க" என்றார். "இவரு மூக்கு."

பிறகு கெட்டிலை எடுத்துக்கொண்டு, காப்பி ஆறிவிடும் என்று போனார்.