ஷ்ராம் வீட்டு சீலிங்கின் கறை

ரோஸ்வித்தா கெம்பா டிராம் ஓட்டுகிறவள். வண்டி நகர்ந்த பிறகு ஓடி வந்து கதவைத் தட்டினால் திறக்க மாட்டாள். திட்டினாலும் திரும்பிப் பார்க்க மாட்டாள். போஹும் நகரத்தில் அவளிடம் இப்படி மூக்குடைபட்டவர்கள் நிறையப் பேர். எங்கள் கடல்மீன் வளர்ப்போர் சங்கத்தில் அவளோடு வாதாடி ஜெயித்தவர் என்று ஒருவரும் கிடையாது. வாதாடிப் பார்த்து வாயை மூடிக்கொண்டவர்களில் நானும் ஒருவன்.

முதல் மாடியில் அவள் வீடு. முன்னறைச் சுவரை ஒட்டி ஒரு பெரிய கடல்நீர்த் தொட்டி. அதன் எஜமானி லோட்டே. ஆரஞ்சும் வெள்ளையும் பட்டை போட்ட கோமாளி மீன். விரல் நகமளவு இருக்கும்போது வந்தது, இப்போது நல்ல கிழவி. பூப்போல விரியும் கடற்சாமந்தி என்ற பிராணி ஒன்றும் அதற்குள் பதுங்கி வாழும் ஒரு புருஷனும்தான் அதன் குடும்பம். தொட்டிக்குள் யார் கை விட்டாலும், சோறு போடுகிற கையானாலும், பாய்ந்து வந்து கடிக்கும். நாள் முழுக்கச் சனங்களின் ஏச்சுப் பேச்சைக் கேட்டுவிட்டு வந்து, அந்தக் கடியை வாங்கிக்கொண்டால்தான் ரோஸ்வித்தாவுக்கு வீடு வந்த மாதிரி இருக்கும்.

போன குளிர்காலத்தில்தான் வினை வந்தது. மேல்தொட்டியின் தண்ணீர் குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் கீழ்த்தொட்டிக்கு இறங்கும். அங்கே சுத்தமாகும். பம்ப் அதைத் திரும்ப மேலே ஏற்றும். கரண்ட் நின்றால் பம்பும் நிற்கும், மேலே இருக்கிற தண்ணீரில் ஒரு பங்கு அந்த ஏற்றும் குழாய் வழியே கீழே திரும்பி வரும். அதை நிறுத்தத்தான் குழாயில் ஒருவழி வால்வு போட்டிருந்தாள். ஒரு மத்தியானம் தெருவில் கரண்ட் போனது. வால்வு மூடவில்லை. தொட்டியில் பாசி தின்ன விட்டிருந்த நத்தை ஒன்று அதன் வாயில் உட்கார்ந்திருந்தது. கீழ்த்தொட்டி நிரம்பி, வழிந்து, மரத்தரையில் இறங்கி, கீழ்வீட்டு சீலிங் வழியாக ஒழுகியது.

கீழ்வீட்டுக்காரர் வில்ஃப்ரீட் ஷ்ராம். வாழ்நாள் முழுக்க ஊரார் வீட்டுக்கெல்லாம் வெள்ளையடித்து ஓய்வு பெற்றவர். சொந்த வீட்டு சீலிங்கை வெண்ணெய் மாதிரி வைத்திருந்தவர். அதன் நட்டநடுவில், சரியாக அவருடைய சாய்வு நாற்காலிக்கு மேலே, தேநீரைக் கொட்டியது போலப் பழுப்பாக ஒரு கறை. அதை அழிப்பது அவருக்கு ஒரு காலைப் பொழுதில் முடிகிற வேலை. ஆனால் மனிதர் பிரஷைத் தொடவில்லை. தொட்டி அந்த வீட்டை விட்டுப் போகிற அன்றைக்குத்தான் வெள்ளையடிப்பேன் என்று மாடிப்படியில் எதிர்ப்படுகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார்.

வீட்டுச் சொந்தக்காரர் போன் செய்து ஒரே பேச்சாகப் பேசி முடித்துவிட்டார். ஷ்ராம் சம்மதித்தால் தொட்டி இருக்கலாம். இன்னொரு சொட்டு இறங்கினால் போய்விட வேண்டியதுதான். சங்கத்தில் அத்தனை பெரிய சாமந்திக்கு இடம் வைத்திருப்பவர் யாரும் இல்லை. சாமந்தியை விட்டுப் பிரித்தால் லோட்டே பிழைக்காது.

பக்கத்து ஹெர்னே ஊரில் ஒருவர் தன் தொட்டியைக் கலைக்கிறார் என்று சங்கத்து யோகென்தான் செய்தி கொண்டு வந்தான். திரும்பி வருகிற தண்ணீரைத் தாங்கும்படி பெரிய கீழ்த்தொட்டி வேண்டும், ஆனால் கடையில் விற்கிறது எதுவும் அவள் அலமாரிக்குள் நுழையாது. ஹெர்னேக்காரருடையது நுழையும். யோகெனின் வேனில் போய்த் தூக்கி வந்தார்கள். கூடவே ஒரு பம்பும் கிடைத்தது. அதன் வாயில் இருக்க வேண்டிய சல்லடை மூடி மட்டும் காணாமல் போயிருந்தது. அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டாள்.

வீட்டில் வைத்து அளந்து பார்த்தபோதுதான் சங்கதி தெரிந்தது. பழைய சொந்தக்காரர் தண்ணீரின் அழுக்கை நுரையாகப் பிரித்தெடுக்கும் கருவிக்காக உள்ளே தடுப்புக் கண்ணாடிகளை உயரமாக ஒட்டியிருந்தார். தண்ணீர் எப்போதும் விளிம்புக்குப் பக்கத்திலேயே நிற்கும். கரண்ட் போய்த் திரும்பி வருகிற தண்ணீருக்கு உள்ளே இடமே இல்லை.

யோகெனுக்கு அது பெரிய விஷயமாகப் படவில்லை.

"ஒரு வால்வைப் போட்டுட்டு வேற வேலயப் பாரு ரோஸி. இந்தத் தடவ நல்லதா வாங்கிப் போடு."

"எது நல்ல வால்வு, எது மட்டமான வால்வுன்னு நத்தைக்குத் தெரியுமா? வால்வே வேணாம்டா எனக்கு. வர்ற தண்ணி அத்தனையும் வரட்டும். உக்கார எடம் இருந்தா அது ஏன் வெளிய போகுது?"

யோகென் தோளைக் குலுக்கிவிட்டுக் கிளம்பினான்.

கண்ணாடிகளைப் பெயர்த்தெடுத்து உயரம் குறைத்துத் திரும்ப ஒட்ட வேண்டும். அவளுக்கு ஓய்வு கிடைப்பது ஞாயிற்றுக்கிழமை. ஞாயிற்றுக்கிழமை காலிப் பாட்டிலைத் தெருக் குப்பைத்தொட்டியில் போட்டால்கூட ஜன்னலைத் திறந்து முறைக்கிற தெரு அது. அதனால் சத்தமில்லாத வேலையாகப் பார்த்து எடுத்துக்கொண்டாள். குளியலறைத் தரையில் தொட்டியை வைத்து, சவர பிளேடால் பழைய சிலிக்கான் பசையைச் சுரண்டத் தொடங்கினாள். சுரண்டுவது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை. ஷ்ராமுக்குக் கேட்டது. கீழேயிருந்து துடைப்பக்கட்டையால் சீலிங்கில் இடித்தார். அவள் விடாமல் சுரண்டினாள். கடைசியில் மனிதர் படியேறி வந்து கதவைத் தட்டினார்.

உள்ளே வந்தவர் தரையில் கிடந்த கண்ணாடித் தொட்டியைப் பார்த்ததும் ஞாயிற்றுக்கிழமையை மறந்துவிட்டார்.

"இன்னொண்ணா? ஒண்ணு பத்தாதுன்னு இன்னொண்ணு வாங்கிட்டு வந்திருக்கீங்களா கெம்பாம்மா?"

இது பழையதற்குப் பதில் என்று அவள் விளக்கினாள். எந்தத் தடுப்பு எவ்வளவு இறங்கும், தண்ணீர் எங்கே நிற்கும் என்று விரலால் கோடு போட்டுக் காட்டினாள். வேலை முடிந்ததும் அவர் கண்ணெதிரிலேயே கரண்டை நிறுத்திக் காட்டுவதாகவும் சொன்னாள். அவர் முகம் கொஞ்சமும் இளகவில்லை.

"கூப்பிட்டு உக்கார வெச்சுக் காட்டுற வித்தையெல்லாம் எனக்கு வேணாம். கரண்ட் என்ன சொல்லிட்டா போகுது? ஃபியூஸ் பெட்டி கீழ நிலவறையில இருக்கு. ஒரு நாள் நானே போய் உங்க வீட்டு ஃபியூஸை எறக்குவேன். என்னிக்குன்னு சொல்ல மாட்டேன். என் நாற்காலியில உக்காந்து மேல பாப்பேன். ஒரு சொட்டு வந்துதோ, அவ்வளவுதான்."

"எறக்குங்க ஷ்ராம் சார். ஒரு சொட்டு வந்துதுன்னா, தொட்டிய நானே வெளிய அனுப்பிடறேன்."

சொல்லிவிட்டாளே தவிர, அவர் போன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். ஆனாலும் சொன்ன சொல்லை அவள் திரும்ப வாங்குகிறவள் இல்லை.

என்றைக்கு வேண்டுமானாலும் ஃபியூஸ் இறங்கலாம் என்ற அவசரம்தான் அவளைக் கவிழ்த்தது. மூலைகளில் ஒட்டியிருந்த பழைய பசையைப் பாதியிலேயே விட்டுவிட்டு, அதன் மேலேயே புதுப் பசையை இழுத்துவிட்டாள். காயவிட்டு, குளியல் தொட்டிக்குள் வைத்து நிரப்பிப் பார்த்தால், ஒரு அறைத் தண்ணீர் அடுத்த அறைக்குக் கசிந்தது. வெளிமூலை ஒன்றிலும் ஈரம் பூத்தது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று செய்யச் சொல் என்றான் யோகென். படியில் எதிர்ப்பட்ட ஷ்ராமோ, காய்கிற பசையால் வீடு முழுக்க வினிகர் நாறுகிறதே என்று முணுமுணுத்துக்கொண்டே, பழசின் மேல் புதுசு ஒட்டாது, பெயிண்டும் அப்படித்தான் என்று ஒரு போடு போட்டுவிட்டுப் போனார். அவர் சொன்னது சரி. அதனால்தான் அவளுக்கு இன்னும் பற்றிக்கொண்டு வந்தது.

எல்லாவற்றையும் பெயர்த்தாள். வெளிச்சுவர் உட்பட எல்லாக் கண்ணாடிகளும் தனித்தனியாகச் சாய்ந்து நிற்க, ஒவ்வொரு விளிம்பையும் பிளேடால் வழித்து, ஸ்பிரிட்டால் துடைத்து, விரலால் தடவிப் பார்த்து, திருப்திப்படாமல் மறுபடியும் வழித்தாள். விரல்நுனியெல்லாம் கீறல். அந்த வாரம் டிராமில் அவள் பிளாஸ்திரி போட்ட விரல்களோடுதான் கதவைத் திறந்தாள், மூடினாள். இந்தத் தடவை தடுப்புகளை இன்னும் இறக்கி ஒட்டினாள். பசை காய வேண்டிய காலம் முழுக்கத் தொட்டியின் பக்கமே போகவில்லை. அது அவளுக்குச் சுரண்டுவதை விடக் கஷ்டமாக இருந்தது.

அலமாரியின் பக்கப் பலகையைக் கழற்றி அதை உள்ளே நுழைத்து, ஹெர்னேயில் கிடைத்த பம்பையும் குழாயையும் மாட்டி ஓடவிட்டாள். பிளக்கைப் பிடுங்கினாள். தண்ணீர் இறங்கி வந்தது. கீழ்த்தொட்டியில் மட்டம் ஏறியது. இன்னும் ஏறியது. விளிம்புக்கு நாலு விரல் கீழே வந்து நின்றது. முழங்காலிட்டபடியே, ஜெயித்துவிட்டோம் லோட்டே என்று வாய்விட்டுச் சொன்னாள்.

பிறகு காத்திருப்பு. ஷ்ராம் படியில் பார்த்தால் தலையை மட்டும் அசைத்தார். டிராமை ஓட்டிக்கொண்டிருக்கும்போதே, இந்த நிமிஷம் இறக்குகிறாரோ என்று மனசு அடித்துக்கொள்ளும். எதையோ யோசிக்காமல் விட்டுவிட்டேன் என்ற பயம் அவளை அரித்தது. அது என்ன என்றுதான் பிடிபடவில்லை.

ஒரு வியாழக்கிழமை காலை ஷிப்டை முடித்துவிட்டு வந்தாள். கீழ்வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. கறைக்குக் கீழே சாய்வு நாற்காலி காலியாக இருந்தது. மேலே பார்த்தால் அவள் வீட்டுக் கதவும் திறந்திருந்தது. அவளுடைய மாற்றுச் சாவி பல வருஷமாக ஷ்ராமிடம்தான் இருக்கிறது. சண்டை வந்ததற்காக யாரும் சாவியைத் திருப்பிக் கேட்பதில்லை. ஆனால் உள்ளேயிருந்து சளப், சளப் என்று தண்ணீர்ச் சத்தம் வந்தது. அவளுக்கு உயிரே போய்விட்டது. மூன்று மூன்று படியாகத் தாவி ஏறினாள்.

ஷ்ராம் சமையலறை ஸ்டூலின் மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் சூப் கரண்டி. தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு, உயரத் தூக்கி, திரும்ப அதிலேயே ஊற்றிக்கொண்டிருந்தார். சட்டைக் கை தோள் வரைக்கும் நனைந்திருந்தது. சிந்துவது தரைக்குப் போகாமலிருக்கத் தன் குளியல் துண்டையே கொண்டுவந்து விரித்திருந்தார். ரோஸ்வித்தா அவரைக் கவனிக்காமல் குனிந்து அலமாரிக்கடியில் கையை விட்டுத் துழாவினாள். உலர்ந்த தரை.

"கீழயும் ஒரு சொட்டு விழல," என்றார் ஷ்ராம், மொள்வதை நிறுத்தாமல். "ஃபியூஸை எறக்கிட்டு மேலயே பாத்துட்டு உக்காந்திருந்ததுல கழுத்து புடிச்சுக்கிச்சு. சரின்னு போய் ஃபியூஸைத் தூக்கி விட்டேன். எதுக்கும் பாக்கலாம்னு மாடிக்கு வந்தா, வெளக்கு எரியுது, தண்ணி மட்டும் ஓடல. இந்த மீன் என்னடான்னா மேல வந்து வாயப் பொளந்து பொளந்து மூச்சுக்குத் தவிக்குது. நான் என்ன பண்ணுவேன்? கடிக்க வேற செய்யுது."

விரலைக் காட்டினார். சிவந்திருந்தது.

தண்ணீரைக் கலக்கிக் காற்றேற்றும் அலை விசிறி உள்ளே சுழன்றுகொண்டுதான் இருந்தது. இன்னும் நெடுநேரத்துக்கு அந்த மீன்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. லோட்டே வாயைத் திறந்தது மூச்சுக்காக இல்லை, கரண்டியைக் கடிப்பதற்காக. ரோஸ்வித்தா அதை அவரிடம் சொல்லவில்லை. இன்று வரைக்கும் சொல்லவில்லை.

கீழ்த்தொட்டிக்குள் கையை விட்டு பம்பை எடுத்தாள். சல்லடை இல்லாத அதன் வாய்க்குள், பம்ப் நின்ற நேரமாகப் பார்த்து ஊர்ந்து போய்ச் சுகமாக அடைத்துக்கொண்டிருந்தது ஒரு நத்தை. அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன, இரண்டையும் அவள் அடக்கவில்லை.

"தப்பு என்னோடதுதான் ஷ்ராம் சார். இதுக்கு ஒரு சல்லடை போட்டிருக்கணும், விட்டுட்டேன். தண்ணி வெளிய வரலதான். ஆனா வேலை இன்னும் முடியல."

"அப்ப போடுங்க," என்றார் அவர்.

நத்தையைத் தொட்டியில் விட்டுவிட்டு பம்பை மாட்டினாள். தண்ணீர் ஓடத் தொடங்கியது. ஷ்ராம் ஸ்டூலிலிருந்து மெல்ல இறங்கி, கரண்டியைத் துடைத்து மேஜையில் வைத்தார். ஈரத் துண்டைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு வாசல் வரைக்கும் போனவர் நின்றார்.

"ஏணி இருக்குமா உங்ககிட்ட? என்னோடதுல ஒரு படி ஒடஞ்சு கெடக்கு."

"இருக்கு. எதுக்கு?"

"அந்தக் கறையையே பாத்துட்டு எத்தன நாள்தான் உக்காந்திருக்கிறது? வெள்ளையடிக்கணும்."

ரோஸ்வித்தா உள்ளே போய் ஏணியை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு, அவருக்கு முன்னால் படியிறங்கினாள்.